இரவு 8.30 மணிக்கு வாணவேடிக்கை

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அப்பா பல வருடம் கமிட்டிப் பொருளாளராக இருந்தவர். வரி நோட்டோடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு நோட்டீஸை மடித்து வைத்துவிடுவார். மஞ்சள், ரோஸ், வெளிர்பச்சை என்று மலிவான தாள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. போன மாதம் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, முளைப்பாரி நாளுக்கான நிகழ்ச்சிகளை மட்டும் படித்துக்கொண்டே வந்தேன்.

1994 நோட்டீஸில் தனியாகக் கட்டம் கட்டி, இரண்டு பக்கமும் பூ போட்டு அச்சடித்திருக்கிறார்கள்: "இரவு 11 மணியளவில் வைகை ஆற்றில் கண்கவர் மாபெரும் வாணவேடிக்கை." 2006-ல் கட்டம் இல்லை, பூ இல்லை, "இரவு 8.30 மணிக்கு வாணவேடிக்கை" என்று ஒரே வரி. 2013-ல் அதுவும் சுருங்கி "வாணவேடிக்கையுடன் முளைப்பாரி ஊர்வலம்" ஆகிவிட்டது. 2016 நோட்டீஸில் வரி இருக்கிறது, ஆனால் அந்த வருடம் வாணம் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த எதிலும் அந்தச் சொல்லே கிடையாது.

மதுரைக்குள் வைகைக்கு வடகரையில் இருக்கிறது செல்லூர். நான் சிறுமியாக இருந்தபோது தெருவுக்குத் தெரு தறி ஓடும். திருவிழா வாரத்தில் மட்டும் தறியை நிறுத்துவார்கள். அந்த அமைதியே எங்களுக்குத் திருவிழா வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பங்குனிக் கடைசியில் செவ்வாய்க்கிழமை பொங்கல், மறுநாள் முளைப்பாரி. கோயில் வாசலில் மூன்று அதிர்வேட்டு போட்டால் முளைப்பாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெண்கள் தலையில் சுமந்து வரிசையாக ஆற்றுக்கு நடப்பார்கள். முதல் முளைப்பாரி ஆற்றில் இறங்கும்போது முதல் வாணம் மேலே போகும்.

வாணம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் கோயிலுக்கு வரி கொடுத்தவர்கள் இல்லை. தத்தனேரியிலிருந்து வருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிம்மக்கல்காரர்கள் தென்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நல்ல இடத்தைப் பிடித்துவிடுவார்கள். கரைச் சரிவில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் கழுத்து மேலே நிமிர்ந்திருக்கும். எங்கள் பேட்டையில் எல்லாச் சாதியும் எல்லாச் சாமியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்த இரவு வருடத்தில் அது ஒன்றுதான்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம். மதியம் மூன்று மணிக்கு அப்பா என்னைச் சைக்கிளில் ஆற்றுக்குக் கூட்டிப் போனார். முன்பணம் போக மீதியில் பாதியை வாணக்காரரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவரும் இரண்டு ஆட்களும் ஆற்றின் நடுவே மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரும்புக் குழாய்கள் கிடந்தன. சில என் இடுப்பு உயரம் இருந்தன. அடிப்பக்கத்தைத் தகடு வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள். குழாயைக் குழியில் நிறுத்தி, சுற்றிலும் மணலைத் தள்ளி, காலால் மிதித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் மிதித்தார்கள்.

"எதுக்கு மாமா தண்ணி ஊத்துறீங்க?"

"ஈர மணலு கெட்டியாப் புடிக்கும் பாப்பா. குழாய் சாஞ்சுச்சுன்னா வாணம் சனத்துக்குள்ள போயிரும்."

ஒவ்வொரு குழாயின் பின்னாலும் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உள்ளங்கையால் தட்டி நிமிர்த்தினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி மணலை எடுத்துத் தூவிப் பார்த்தார். அப்புறம் ஒரு சாக்கை விலக்கி வாணத்தைக் காட்டினார். நான் ராக்கெட் மாதிரி ஏதோ எதிர்பார்த்திருந்தேன். தேங்காய் அளவுக்கு ஒரு காகித உருண்டை. பழுப்புக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. அடியில் தொங்கும் சின்னப் பொட்டலத்தில் தூக்கு மருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. உருண்டைக்குள்ளே மணிமருந்து. மிளகு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் உருட்டிக் காயவைத்த மணிகள். வானத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மணி. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளிக்கு அலுமினியம் என்பதெல்லாம் கல்லூரியில் வேதியியல் படித்தபோது தெரிந்துகொண்டது. அன்று அவர் சொன்னது ஒன்று இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "நீலம் புடிக்கிறதுதான் பாப்பா கஷ்டம். சூடு ஒரு பொட்டு கூடிருச்சுன்னா வெளுத்துப் போயிரும்." பத்து வருடம் கழித்து வகுப்பில் ஆசிரியர் அதே விஷயத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரவில் அவரை ஒரு நிழலாகத்தான் பார்க்க முடியும். திரியைப் பிடித்து உருண்டையைக் குழாய்க்குள் மெதுவாக இறக்குவார். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி. நீளக் கம்பின் நுனியில் கட்டிய தீக்கயிற்றால் திரியைத் தொட்டுவிட்டு நாலு எட்டு பின்னால் போய்க் குனிந்துகொள்வார். தொம் என்று குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம். ஒரு சின்னப் பொறி மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். நான்கு அங்குல வாணம் என்றால் நூறு மீட்டருக்கு மேல் ஏறும். ஏறி முடிக்கிற நேரத்தில்தான் உள்ளே எரிகிற திரி மருந்தைத் தொட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பூ கோணிப்போகும். அந்த இரண்டு மூன்று வினாடி கரையில் ஒரு சத்தமும் இருக்காது. கைக்குழந்தை அழுவது மட்டும் கேட்கும். அப்புறம் வானம் முழுக்க விரியும். வெளிச்சம் முதலில் வந்துவிடும், சத்தம் பின்னால் வந்து நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். எல்லார் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஹா" என்று வரும். அந்த ஒலியைத்தான் நான் வாணத்தைவிட அதிகமாக நினைத்து ஏங்குகிறேன்.

ஒரு வாணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் விடுவார். அவசரப்படுத்தினால், புகை கலையட்டும், இல்லாவிட்டால் அடுத்த வாணத்தின் நிறம் தெரியாது என்பார். மொத்தம் நாற்பது நிமிடம். கடைசியில் கம்பிகளில் தொங்கவிட்ட மத்தாப்பு அருவி. அது அணைந்ததும் இருட்டில் அவரவர் பிள்ளைகளைத் தேடிப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் ஆறு முழுக்கக் கேட்கும்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1443-ல் ஹெராத் நகரிலிருந்து விஜயநகரத்துக்குத் தூதராக வந்த அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் பார்த்த வாணவேடிக்கையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அரசர் செலவில் நடந்த அந்தக் காரியத்தை எங்கள் பேட்டைக்காரர்கள் தறிக்கூலியில் மிச்சம்பிடித்து நடத்தினார்கள். அப்பாவின் வரி நோட்டில் "வாணம்" என்று தனித் தலைப்பே இருக்கிறது. சிலர் கோயில் வரியைப் பாக்கி வைத்துவிட்டு வாணத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

பதினொரு மணி எட்டரை ஆனதற்குக் காரணம் 2005 ஜூலை 18-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி கூடாது என்று அதில் சொல்லிவிட்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு சிறுமியின் கதறல் யாருக்கும் கேட்காமல் போன கொடுமையிலிருந்து தொடங்கிய வழக்கு அது. கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். அப்பா, "தூங்குற சனத்தை எழுப்பித்தான் சாமி கும்பிடணுமா?" என்று கேட்டிருக்கிறார். முளைப்பாரியைச் சீக்கிரம் கிளப்பினால் தீர்ந்தது. கிளப்பினார்கள். பத்து வருடம் எட்டரை மணிக்கு நல்லபடியாக நடந்தது. கோர்ட்டுதான் வாணத்தை நிறுத்திவிட்டது என்று எங்கள் தெருவில் இன்றும் பேசுகிறார்கள். நோட்டீஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முதலில் போனது மணல். வைகையில் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதை மதுரைக்காரர்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். மணல் போன இடத்தில் சீமைக்கருவேல் வந்தது, சாக்கடை வந்தது. வாணக்காரர் ஒவ்வொரு வருடமும் குழாய் நட இடம் தேடி ஆற்றுக்குள் இன்னும் கொஞ்சம் கீழே போனார். பிறகு இரண்டு கரையிலும் தடுப்புச்சுவரும் சாலையும் வந்தன. சாலை தேவைதான், நானும் தினம் அதில்தான் போகிறேன். ஆனால் ஜனங்கள் உட்கார்ந்த சரிவு போய்விட்டது. பார்வையாளர்கள் நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறது வெடிபொருள் விதி. ஆற்றின் நடுவில் குழாய் நட்டு, கரையில் ஜனம் உட்கார்ந்த காலத்தில் அந்தத் தூரம் யாரும் அளக்காமலே கிடைத்தது. இன்றைக்குச் செல்லூருக்குள் சுற்றிலும் நூறு மீட்டர் வெறுமையாக இருக்கும் ஓர் இடத்தைக் காட்டுங்கள் என்றால் காட்டுவது கஷ்டம். அதோடு மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் வேறு. நகரம் நெருங்கிவிட்டது. விதி தன் இடத்தில் நிற்கிறது.

2016 ஏப்ரல் 10, ஞாயிறு அதிகாலை. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில், சேர்த்துவைத்திருந்த வெடிகளில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். போட்டி போட்டுக்கொண்டு வெடிக்கிற வழக்கம் உள்ள இடம் அது. மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் முளைப்பாரி அந்தப் புதன்கிழமை. நோட்டீஸ் அச்சாகி வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் இந்த வருடம் வேண்டாம் என்று தகவல் வந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டிவியில் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாணக்காரர் பேருந்து பிடித்து வந்து முன்பணத்தை அப்பா கையில் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கமிட்டிக்கு இளையவர்கள் வந்தார்கள். உரிமத்துக்கு அலைவதற்குப் பதில் வாணப் பணம் சீரியல் லைட்டுக்கும் டிஜே செட்டுக்கும் போனது. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவில் திருவிழாவே இல்லை. மறுபடி தொடங்கியபோது, வாணம் என்று ஒன்று இருந்ததே தெரியாத பிள்ளைகள் ஊர்வலத்தின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, வெடிச் சத்தம் குறைந்ததா? அதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். இப்போது வாணம் அட்டைப்பெட்டியில் வருகிறது. 12 ஷாட், 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட். ஒரு திரியைப் பற்றவைத்தால் போதும், உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே சுட்டுத் தள்ளும். கல்யாணத்துக்கு, காதணி விழாவுக்கு, கட்சிக்காரர் வருகைக்கு, கிரிக்கெட்டில் ஜெயித்ததற்கு என்று எங்கள் பன்னிரண்டு அடித் தெருவில் அது வெடிக்காத வாரம் இல்லை. தீபாவளியன்று வாசலுக்கு வாசல். இரண்டு வரிசை மாடிகளுக்கு நடுவே தெரிகிற ஒரு முழ வானத்தில் அது வெடிக்கும்போது, கொளுத்தியவருக்கே பூ முழுசாகத் தெரியாது. எல்லாருக்கும் கேட்கும். ஒருவரும் பார்க்கிறதில்லை.

2022 தீபாவளி இரவு எங்கள் எதிர்வீட்டு வாசலில், சாக்கடை மூடியின் மேல் ஒரு 60 ஷாட் பெட்டியை வைத்தார்கள். மூடி ஒரு பக்கம் ஆடும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஏழாவதோ எட்டாவதோ ஷாட்டில் பெட்டி சாய்ந்தது. கொளுத்திய பையன் ஓடிவிட்டான். மீதி ஐம்பதும் படுத்த வாக்கில் தெரு நீளத்துக்குப் பாய்ந்தன. ஒன்று எங்கள் பக்கத்து வீட்டு முதல் மாடித் தாழ்வாரத்தில் நுழைந்து கொடியில் கிடந்த சேலையைப் பற்றவைத்தது. அதை உருவிக் கீழே போட்ட மதினிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, பாவம், "சேலை புதுசு, சேலை புதுசு" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஈர மணலைக் காலால் மிதித்த வாணக்காரரின் பாதங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

அப்பாவுக்கு இப்போது இளைப்பு. தீபாவளி சாயங்காலமே ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிடுவோம். நெபுலைசரை மேசைமேல் எடுத்து வைத்துவிடுவோம். வாணத்துக்கு என்று இருபது வருடம் வீடு வீடாகப் போய் வசூல் செய்த மனிதர், நனைந்த துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் புகையைப் பற்றி யாராவது பேசினால் நான் மறுக்க மாட்டேன். காக்கையும் நாயும் அன்று படுகிற பாட்டையும் பார்க்கிறேன். ஆற்றின் நடுவே நாற்பது நிமிடம் எழுந்த புகை காற்றோடு போனது. பொழுது விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை தெருவுக்குள் எழும் புகை எங்கும் போவதில்லை, வீட்டுக்குள்தான் வருகிறது.

சிவகாசியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். பேன்சி ரகத்துக்கு மணிமருந்து உருட்டும்போதும் நிரப்பும்போதும் ஓர் உராய்வு போதும். வீட்டுக்கு நாலு பெட்டி என்று நாடு முழுக்கக் கேட்டால் அந்த மருந்தை யாரோ ஒரு பெண் வேகவேகமாக நிரப்பித்தான் ஆக வேண்டும். ஒரு பேட்டைக்கு நாற்பது வாணம் போதும் என்றிருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது உச்ச நீதிமன்றத்தின் 2018 பட்டாசுத் தீர்ப்பு. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015-ல் தொடுத்த வழக்கு அது. 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தபோது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்ற கட்டுப்பாட்டைத்தான் எல்லாரும் பேசினோம். தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது, இன்றும் அப்படியே தொடர்கிறது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. முன்கூட்டியே இடங்களைத் தேர்ந்தெடுத்து, மக்கள் ஒன்றுகூடிப் பொதுவில் வெடிப்பதற்கு வழி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் அறிவிப்பிலும் இது வருகிறது: முன் அனுமதி பெற்று, திறந்தவெளியில், நலச்சங்கங்கள் மூலம் கூட்டாகப் பட்டாசு வெடிக்கலாம் என்று. அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பேட்டையில் ஏற்கனவே இருந்ததைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஓர் இடம், ஒரு நேரம், கைதேர்ந்த ஓர் ஆள், தள்ளி உட்கார்ந்து பார்க்கிற ஊர். சட்டம் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறதோ, அந்த இடத்திலிருந்து நாங்கள் எழுந்து போய்விட்டோம்.

2023-ல் அந்த அறிவிப்பைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்காரர்கள் ஒரு மனு எழுதினோம். பக்கத்தில் இருக்கும் ஒரு பொது மைதானத்தை ஒரு மணி நேரம் கேட்டோம். முதல் அலுவலகத்தில் மைதானம் எங்களுடையது, வெடிக்கு நாங்கள் அனுமதி தர முடியாது என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் வெடிக்குத் தரலாம், மைதானக்காரர்கள் முதலில் எழுதித் தரட்டும் என்றார்கள். மூன்றாவதில் தீயணைப்பு ஏற்பாடு யார் செலவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, எங்களிடம் பதில் இல்லை. நாலாவது இடத்துக்குப் போவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. எங்கள் பக்கமும் தப்பு உண்டு. இரண்டு வாரம் முன்னால்தான் தொடங்கினோம். வாணம் விடுகிறவர் யார், என்ன வகை, எத்தனை என்று ஒரு பட்டியல்கூட மனுவில் இல்லை. எரிச்சலோடு வீட்டுக்கு வந்த அன்று இரவு, அதே மைதானத்தில் யார் யாரோ தனித்தனியாக வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடி போடாத ஊர். எந்த நீதிமன்றமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஊர் கூடி முடிவெடுத்தார்கள், அதில் நிற்கிறார்கள். அங்கே போய்வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. வெடிக்கவே வேண்டாம் என்று ஓர் ஊர் கூடி முடிவெடுக்க முடிகிறது. தெருவில் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஓரிடத்தில் ஒரு மணி நேரம் என்று எங்களாலும் எடுக்க முடியும்.

இந்த வருடத் தீபாவளிக்கு ஆடி பிறந்ததும் ஆரம்பித்துவிட்டோம். ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் பூஜை போட்டு வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு முன்னால் நாங்கள் தொடங்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அந்த மைதானத்தில் ஒருவர் அளவு நாடா பிடித்து நூறு மீட்டர் அளந்து படம் வரைந்திருக்கிறார். இரவு 7.15 முதல் 7.55 வரை. முப்பது வாணம். அதிர்வேட்டு கிடையாது. பேரியத்துக்குத் தடை இருப்பதால் அந்தக் காலத்துக் கிளிப்பச்சை வராது, போகட்டும். கைக்குழந்தை உள்ள வீடுகள், இளைப்பு உள்ளவர்கள், நாய் வளர்ப்பவர்கள் என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு முந்தின நாளே நேரத்தைச் சொல்லிவிட. கையெழுத்துப் போடுகிற வீடு தெருவில் ஷாட் பெட்டி கொளுத்தாது என்பதும் மனுவில் ஒரு வரி. அந்த வரிக்காகவே நாலு வீடு கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. மறுபடி போய்க் கேட்பேன்.

வாணக்காரரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். இடது காது கேட்கவில்லை, வலது பக்கம் உட்காரச் சொன்னார். பெரிய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், சின்ன மகன் லாரி ஓட்டுகிறான். உரிமத்தைப் புதுப்பித்து வருடங்கள் ஆகின்றன. மாட்டுக்கொட்டத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். குழாய்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், பிசுக்கு இன்னும் ஈரமாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், மனு, நேரம். தலையாட்டிக்கொண்டே கேட்டார். "என்கூட வேலை பாத்த பய ஒருத்தன் லைசென்ஸ் வச்சுருக்கான். அவன் பேர்ல எடுங்க. நான் வந்து நிக்கிறேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மைதானம் கட்டாந்தரையால்ல இருக்கும். குழாய் நடணுமே. ஆத்துல மணல் கெடக்கா பாப்பா?" என்று கேட்டார்.

முந்தின வாரம்தான் யானைக்கல் பாலத்திலிருந்து இறங்கிப் பார்த்திருந்தேன். கருவேலும் சேறும்தான். இல்லை என்று சொன்னேன். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். கேட்டிருந்தது. கொட்டத்தின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப விலைக்குத்தான் வாங்கணும். கல்லு இல்லாமச் சலிச்சதா இருக்கணும். குழாய்க்கு நாலு மூட்டைன்னு வையி, பத்துக் குழாய்க்கு நாப்பது மூட்டை. சுத்தி அடுக்கிக் கட்டிருவோம். நனைக்க மட்டும் பக்கத்துல தண்ணி வேணும்."

நாற்பது மூட்டை மணலையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் மனுவில் சேர்த்தாகிவிட்டது. இதுவரை முப்பத்திரண்டு வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. நோட்டு அப்பாவிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.